டாக்டர் ரூம் கதவைச் சாத்தச் சொன்னா தப்பா?

திண்ணைக்காரி · ஞாயிறு இரவு 9.12

ஊர்ப்பேரு வேண்டாம். முக்கூடல் பக்கம்னு வச்சுக்கிடுங்க. எங்கம்மை நாற்பது வருஷமா பீடி சுத்துறவ. மார்கழியில பிடிச்ச இருமல், தை முடிஞ்சும் விடல. சாயங்காலமானா காய்ச்சல். சட்டை தொளதொளன்னு ஆகிப்போச்சு. தனியார் டாக்டர் ஒருத்தருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். கெட்டிக்காரர், அதுல குறை சொல்ல மாட்டேன். பார்த்த அன்னைக்கே சளி டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுத்தது அவருதான்.

அவரு ரூமு எப்படின்னா, மேசைக்கு இந்தப் பக்கம் நோயாளிக்கு ஒரு ஸ்டூல். செவரு ஓரமா ஒரு பெஞ்சு, அதுல அடுத்த நாலு டோக்கன்காரங்க. கதவு எப்பவும் தொறந்தே கெடக்கும், வாசல்ல காம்பவுண்டர். ரிசல்ட் வந்த அன்னைக்கு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, "டி.பி.தான். வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?"ன்னு கேட்டாரு. கேட்டது என்கிட்ட. நோயாளி எங்கம்மை. அவ ஸ்டூல்ல உக்காந்து என் மூஞ்சியவும் அவரு மூஞ்சியவும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தா. பெஞ்சுல இருந்த நாலு பேரும் துண்டாலயும் முந்தானையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. அதுல ஒருத்தி எங்க பக்கத்துத் தெரு.

நாங்க பஸ்ஸுக்கு நின்னு வீடு போய்ச் சேருறதுக்கு முன்னால சேதி போய்ச் சேந்துட்டு. மறுநாள் எங்க திண்ணையில கூட உக்காந்து இலை வெட்டுற நாலு பேருல ஒருத்தரும் வரல. சுளகைத் தூக்கிட்டு வேற திண்ணைக்குப் போயிட்டாங்க. பீடிக்கடைக்காரர் "ரெண்டு மாசம் கழிச்சு வா தாயி"ன்னுட்டாரு.

அடுத்த தடவை போனப்ப, "கதவைக் கொஞ்சம் சாத்திக்கிடலாமா"ன்னு கேட்டேன். காம்பவுண்டர் சிரிச்சுக்கிட்டே, "இங்க என்ன ஏ.சி.யா ஓடுது?"ன்னாரு. பெஞ்சும் சேந்து சிரிச்சுது. கேட்டது தப்பா? சொல்லுங்க.


சுரண்டை மாப்ளே · ஞாயிறு இரவு 9.40

தப்பே இல்ல மைனி. எல்லா ஊர்லயும் அதே பெஞ்சுதான். போன மாசம் வயித்துக்கு முடியலன்னு போனேன். டாக்டர் "வெளிக்குப் போச்சா?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள பெஞ்சுல இருந்த தாத்தா, "காலையில இருந்து நாலு தரம் சார், வெளிய என்கிட்ட சொன்னான்"ன்னுட்டாரு.

சிரிப்பா இருக்கும். டி.பி.ன்னா சிரிக்க முடியாது, புரியுது. அம்மா எப்படி இருக்காவ?


தாலுகா டாக்டர் · ஞாயிறு இரவு 11.05

நான் டாக்டர். நெல்லை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் வேலை. நீங்கள் கேட்டது தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சு ஏன் உள்ளே வந்தது என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை என் ஓ.பி.யில் நூற்றிருபது சீட்டு விழும். ஒருவர் எழுந்து போய், அடுத்தவர் வந்து, செருப்பைக் கழற்றி, பையிலிருந்து பழைய சீட்டைத் தேடி எடுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பெஞ்சு. நானும் போட்டிருந்தேன். மிச்சமான நேரத்தில் நான் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. பெஞ்சில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெள்ளைப்படுதல், மூலம், குடி, புருஷன் அடித்த அடி எதையும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "தலைவலி" என்பார்கள். நானும் தலைவலிக்கு எழுதி அனுப்புவேன். பத்து நாளில் அதே ஆள் அதே தலைவலியோடு வருவார்.

சட்டம் கேட்டால், எங்களுக்கு 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் இருக்கின்றன. தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. விலக்கு மூன்றுதான்: நீதிபதி உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தால்.

டி.பி. அந்த மூன்றாவது வகை. 2012 முதல் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2018க்குப் பிறகு தெரிவிக்காமல் விட்டால் தண்டனையும் உண்டு. ஆனால் தெரிவிக்க வேண்டியது அரசுக்கு, பெஞ்சுக்கு இல்லை.

அம்மாவுக்கு: காசநோய் காற்றில் பரவுவது. தட்டு, தம்ளர், பாய் எதையும் பிரித்து வைக்க வேண்டாம். சாதாரண டி.பி.யாக இருந்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை இருமும்போது வாயை மூடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆறு மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். ரெண்டு மாதத்தில் பசியெடுத்து உடம்பு தேறும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பேங்க் கணக்கில் வரும், 2024 அக்டோபர் வரை ஐந்நூறாக இருந்தது. பதிவு பண்ணினார்களா என்று கேளுங்கள்.


களக்காட்டான் · திங்கள் காலை 6.50

விதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரே. உங்க ஆளுகள்ல எத்தனை பேரு மூஞ்சிய நிமிந்து பாக்காவ? ஐந்நூறு ரூவா பீஸு, ஒண்ணரை நிமிஷம். ஒரு கேள்வி கூடக் கேட்டா "நீ டாக்டரா, நான் டாக்டரா"ன்னு ஏசுதாவ.


தாலுகா டாக்டர் · திங்கள் காலை 7.15

ஏசுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை அண்ணாச்சி. நான் படித்த காலத்தில், கெட்ட சேதியை நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம்கூட எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. சீனியர் ஏசுவதைப் பார்த்து ஏசக் கற்றுக்கொண்டோம். இப்போது புதுப் பாடத்திட்டத்தில் அதற்கென்று வகுப்பே வைத்திருக்கிறார்கள். வார்டில் எவ்வளவு நிற்கும் என்று பார்ப்போம்.


வார்டு அக்கா · திங்கள் மதியம் 2.30

நான் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. டாக்டரை மட்டும் ஏசிட்டு இருக்கீங்க. ரகசியம் போற வழி எனக்குத் தெரியும், ஏன்னா ஒரு தடவை நானே அந்த வழியா இருந்திருக்கேன்.

1986ல மெட்ராஸ்ல முதல் எச்.ஐ.வி. கேஸைக் கண்டுபிடிச்சாங்க. எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் அந்தப் பயம் வந்து சேரக் கொஞ்ச வருஷம் ஆச்சு. வந்தப்ப பேயா வந்துச்சு. கேஸ் ஷீட்டுல சிவப்பு மையில வட்டம் போடுவோம். படுக்கை வார்டு ஓரத்துல, கக்கூஸுக்குப் பக்கத்துல. பாக்க வர்ற ஆளுக்கு எழுத்தே தெரிய வேண்டாம், சிவப்பு தெரிஞ்சா போதும்.

அப்பம் ஒரு பையன் அட்மிஷன். இருபத்தஞ்சு வயசு இருக்கும், லாரியில கிளீனர். டியூட்டி முடிஞ்சு நெல்லை வண்ணாரப்பேட்டையில பஸ் ஏறுனேன். பக்கத்து சீட்டுல தெரிஞ்ச பொம்பளை. "அந்தப் பையனுக்கு என்னக்கா, எங்க ஊருதான்"னு கேட்டா. நான் வாயால ஒண்ணும் சொல்லல. உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டி, "கொஞ்சம் தள்ளியே இருங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு நாள்ல அவிய அம்மை ஆஸ்பத்திரிக்கு வர்றதை நிறுத்திட்டாவ. தம்பிக்குப் பேசி வச்சிருந்த சம்பந்தம் நின்னுபோச்சுன்னு பொறவு கேள்விப்பட்டேன். அந்தப் பையன் சாவும்போது பக்கத்துல இருந்தது ஒரு ஆயாவும் நானும்தான். என்னாலதான் இப்படின்னு அவனுக்குத் தெரியாது. "சிஸ்டர் நீங்க நல்லவிய"ன்னான்.

முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பம் அதுக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, 2017ல போட்டது, 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துல போய்ப் பாருங்க, கதவைச் சாத்தித் தனியா உக்கார வச்சுத்தான் பேசுதாவ. எச்.ஐ.வி.க்கு முடிஞ்சது டி.பி.க்கு ஏன் முடியாது?


சுரண்டை மாப்ளே · திங்கள் மதியம் 3.02

அக்கா, நீங்க இதை எழுதுனது பெரிய விஷயம்.


களக்காட்டான் · திங்கள் மாலை 5.20

நான் கேக்கது வேற. எல்லாத்தையும் ரகசியம் ரகசியம்னா, சீக்கை மறைச்சுக் கல்யாணம் பண்ணுதவனை என்ன செய்ய? பொண்ணு வாழ்க்கை போகும்லா? எங்க சொந்தத்துலயே நடந்துருக்கு. டாக்டருக்குத் தெரியும், சொல்லல. அவரு செஞ்சது நியாயமா?


பாளை வக்கீல் · திங்கள் இரவு 8.45

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒருவர் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. மருத்துவமனை வழியாகச் செய்தி வெளியே வந்து, நிச்சயித்த திருமணம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1998இல் நீதிமன்றம், மருத்துவ ரகசியம் முழு முற்றான உரிமை அல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அதைவிடப் பெரிது என்றது. அதோடு நிற்காமல், அப்படிப்பட்டவரின் திருமண உரிமையே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றும் எழுதிவிட்டது. அந்த வழக்குக்கு அப்படியொரு கருத்து தேவையே இல்லை என்று 2002இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

அக்கா சொன்ன சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. டாக்டரோ ஆலோசகரோ துணைவருக்குச் சொல்லலாம். ஆனால் வரிசை உண்டு. துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக அவர் நியாயமாக நம்ப வேண்டும். நீங்களே சொல்லுங்கள் என்று நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தால், "நான் சொல்லப் போகிறேன்" என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். பிறகு துணைவரை நேரில் உட்கார வைத்து, ஆலோசனையோடு சொல்ல வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அடிப்பார்கள், விரட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் சொல்லக் கூடாது.

அதாவது சொல்ல வேண்டிய ஆளுக்கு, சொல்ல வேண்டிய விதத்தில். மாமாவுக்கு இல்லை, தரகருக்கு இல்லை, வாட்ஸாப் குரூப்புக்கு இல்லை.


பேரு வேண்டாம் · திங்கள் இரவு 10.30

படிக்கிற பொண்ணு நான். மூணு மாசமா பீரியட்ஸ் வரல, நீர்க்கட்டிக்குப் பார்க்கப் போனேன். லேடி டாக்டர்தான். அம்மா பக்கத்துல நிக்காங்க, திரைக்கு அந்தப் பக்கம் நாலு பேரு. "கல்யாணம் ஆயிட்டா? ஆகலையா? அப்புறம் ஏன் தள்ளிப்போச்சு?"ன்னு சத்தமா ஒரு கேள்வி. பஸ்ல அம்மா ஒரு வார்த்தை பேசல. இன்னும் சரியா பேசல.

கேக்க வேண்டிய கேள்வியா இருக்கலாம். அம்மாவ ரெண்டு நிமிஷம் வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கேட்டிருக்கலாம்.


அம்பை வாத்தியார் மகன் · செவ்வாய் காலை 5.40

ராத்திரி முழுக்க இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஊருக்குத் தெரிந்துபோனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். ஊருக்கெல்லாம் தெரியும், நோயாளிக்குத் தெரியாது.

அப்பா ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆடி மாதம் கண் மஞ்சளித்தது. காமாலை என்று ரெண்டு வாரம் கீழாநெல்லி கொடுத்தோம். பிறகுதான் ஸ்கேன். கணையத்தில் கட்டி. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், கூட ஏழெட்டு மாணவர்கள் நிற்க, ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவின் வேட்டியைத் தளர்த்தி வயிற்றை அமுக்கி, இங்கிலீஷில் பாடம் நடத்திவிட்டு நகர்ந்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துப் பாடம் நடத்திய மனிதர், தானே கரும்பலகையாகக் கிடந்தார். வராந்தாவில் என்னைக் கூப்பிட்டு, "மூணு மாசம், நாலு மாசம்" என்றார்.

நான் சொன்னேன், "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் டாக்டர்." அவர் யோசிக்கக்கூட இல்லை. "சரி." அவருக்கும் ஒரு வேலை குறைந்தது.

அதன் பிறகு வீட்டில் நடந்தது நாடகம். அம்மா அடுக்களையில் அழுதுவிட்டு முகம் கழுவி வருவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆப்பிளோடு வந்து, அப்பாவிடம் "ஒண்ணும் இல்ல சார், சரியாயிரும்" என்பார்கள், வாசலில் என்னிடம் "எவ்வளவு நாள் சொல்லியிருக்காவ?" என்பார்கள். அப்பா என்னை ஒருநாள் கேட்டார்: "என்னலே, டாக்டர் உன்கிட்ட மட்டுமே பேசுதாரு? உனக்கா மேலுக்கு முடியல?"

கடைசியில் வலிக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். வயசு முப்பதுகூட இருக்காது. அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவின் கண்ணுக்கு நேராக வரும்படி உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. "சார், உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிஞ்சுக்கிட விரும்புதீங்க?" என்று கேட்டாள். நான் குறுக்கே பேசப் போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிசான நெல்லு அறுக்கும்போது இருப்பனா?" என்றார்.

அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. "நட்டு முடிச்சு நீங்க பாக்கலாம் சார். அறுப்பு எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை ஏசிய ஏச்சு வாழ்நாளில் ஏசாதது. "என் சீக்கை என்கிட்டச் சொல்லாம உன்கிட்டச் சொல்ல அவன் யாரு? வாங்கி மடியில கட்டிக்கிட நீ யாரு?" மூன்று வாரம் பேனாவும் நோட்டுமாக இருந்தார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், வயல் பட்டா எந்தப் பெட்டியில், தங்கச்சிக்கு எது. பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு காலத்தில் அவரைத் தப்பாக அடித்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அந்த அடி ஞாபகமே இல்லை.

நடவு பார்த்தார். அறுப்புக்கு இல்லை.

நான் "சொல்ல வேண்டாம்" என்று எடுத்துக்கொண்ட நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு.


மருந்துக்கடை · செவ்வாய் காலை 10.10

தம்பி, படிச்சுட்டுக் கடைச் சாவியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

என் பங்குக்கும் ஒரு குத்தம் இருக்கு. எங்க கடைகள்ல நாப்கினைப் பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல கறுப்புக் கவர்ல போட்டு, யாருக்கும் தெரியாம கொடுப்போம். ஆனா டாக்டர் சீட்டைக் கவுண்டர்ல விரிச்சு வச்சு, உள்ள நிக்க பையன்கிட்ட "லே, தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் எழுதிருக்காரு, எடு"ன்னு கூப்பாடு போடுவோம். மறைக்க வேண்டாததை மறைக்கோம், மறைக்க வேண்டியதைக் கூவுதோம். நான் பையன்கள்கிட்ட மாத்திரைப் பேரை மட்டும் சொல்லு, எதுக்குன்னு சொல்லாதன்னு சொல்லிவச்சிருக்கேன். வாட்ஸாப்புல வர்ற சீட்டுப் படங்களைச் சாமான் கொடுத்ததும் அழிச்சிருதோம்.


நெறியாளர் · செவ்வாய் காலை 11.00

ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் போட்ட இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறோம். புகார் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். இன்னொன்று: இழையைத் தொடங்கியவர் ஊர்ப் பக்கம், தொழில், நோய் எல்லாம் எழுதியிருக்கிறார். தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். வேண்டுமானால் திருத்தித் தருகிறோம்.


பாளை வக்கீல் · செவ்வாய் மதியம் 1.15

புகார் என்றால் காகிதம் வேண்டும். உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே 2002 விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.


திண்ணைக்காரி · வியாழன் இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

நெறியாளருக்கு முதல்ல. அம்மைகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுனேன். ஊரையும் இன்னும் ரெண்டு விஷயத்தையும் மாத்தியிருக்கேன், எதைன்னு கேக்காதீங்க. அம்மை போட்ட கண்டிஷன் ஒண்ணுதான்: "எழுது, ஆனா நான் அழுதேன்னு எழுதாத." அவ அழல.

மருந்து கொடுக்குற சுகாதாரப் பணியாளர் போன வாரம் வந்தாரு. தங்கமான மனுஷன். ஆனா வீடு தெரியாம முக்குல டீக்கடையில வண்டிய நிறுத்தி, "டி.பி. மாத்திரை சாப்பிடுற பீடிக்காரம்மா வீடு எது?"ன்னு கேட்டிருக்காரு. பாக்கித் தெருவுக்கும் தெரிஞ்சாச்சு. அவருகிட்ட என் போன் நம்பரைக் கொடுத்து, அடுத்த தடவை கூப்பிடுங்க, நானே முக்குக்கு வாரேன்னு சொல்லிருக்கேன்.

நேத்து அதே டாக்டருகிட்டப் போனோம். காம்பவுண்டரைத் தாண்டி அவருகிட்டயே கேட்டேன். இங்க எழுதுனதையெல்லாம் சொல்லல. "சார், அம்மைகிட்டயே சொல்லுங்க, அவளுக்குக் காது நல்லாக் கேக்கும். கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவரு செத்த நேரம் என்னையப் பாத்தாரு. கோவப்படப் போறாருன்னு நெனச்சேன். எந்திரிச்சு அவரே போய்ச் சாத்தினாரு. பெஞ்சுல இருந்த நாலு பேரையும் வெளிய உக்காரச் சொன்னாரு. அம்மை பக்கம் திரும்பி, "பசி எடுக்காம்மா?"ன்னாரு.

இவ பிடிச்சுக்கிட்டா. பசியில இருந்து ஆரம்பிச்சு, மாத்திரை சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலரா போறது, ராத்திரி வேர்க்குறது, பீடித்தூள் நெடி, திண்ணையில ஆளில்லாதது வரைக்கும். கலரு மாத்திரையினால வர்றது, பயப்பட வேண்டாம்னு அவரு சொன்னாரு. இத்தனை நாளா அவ ரத்தம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா, என்கிட்டக்கூடச் சொல்லல.

பத்து நிமிஷம் ஆச்சு. வெளிய வந்தா, பெஞ்சுல இருந்த ஒரு அண்ணாச்சி காம்பவுண்டர்கிட்ட, "கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னத்தவே பேசுதாவ உள்ள?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு.